அப்பா ரூம் வழக்கு

— தலைமை நீதிபதியே போன் பண்ணிக் கேட்டிருக்கார். சம்மதம்னு சொல்ல சாயங்காலம் வரைக்கும்தான் டைம். நீ என்னடான்னா நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருக்க!

— ஒரு நிமிஷம். ஹைகோர்ட் ஜட்ஜ் வேலைங்க அது. எனக்குத் தகுதி இருக்கா?

— ஏன் இல்லை? இத்தனை வருஷம் வக்கீலா இருக்கணும்னு சட்டம் கேக்குது, அதுக்கு மேலயே இருந்தாச்சு. கறை இருக்கக் கூடாது. உன் சேலையில மட்டும்தான் காபிக் கறை.

— ஒரு நிமிஷம், கிண்டலை விடுங்க. காலமெல்லாம் கட்சிக்காரன் பக்கமே பேசின வாய் இது. நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் கேக்க வருமா? பயமா இருக்குங்க.

— அது நியாயமான சந்தேகம்தான். கல்யாணமான நாள்லேர்ந்து நான் ஒரு வாக்கியத்தை முழுசா...

— ஒரு நிமிஷம்...

— பாத்தியா!

— யாரு சொல்றது பாருங்க! வாயைத் திறக்கச் சொல்லிட்டு, பேசவே விடாத பல் டாக்டர்!

— சரி, இப்பவே சோதிச்சுப் பாத்துடுவோம். அப்பா போனதுலேர்ந்து அவர் ரூமுக்காக நானும் உன் நாத்தனாரும் அடிச்சுக்கறோம். இன்னிக்கு நீ தீர்ப்பு சொல்லு, கட்டுப்படறோம். ஏய், கீழ வா!

— வரேன் அண்ணா, கத்தாதே. முட்டி ஒத்துழைக்க வேணாமா? சத்தியமா சொல்றேன் அண்ணி, இந்த மாடிப்படிதான் என் முதல் சாட்சி. ஏறி இறங்கி உயிர் போகுது. கீழ இருக்கற ஒரே நல்ல ரூம் அதுதான். எனக்குக் குடுத்தா என்ன குறைஞ்சு போகும்?

— கிளினிக்ல உக்கார இடமில்லாம பேஷண்ட் எல்லாம் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க. அந்த ரூமுக்கும் கிளினிக்குக்கும் ஒரே சுவர்தான். நடுவுல ஒரு கதவு வச்சா போதும்.

— அப்பா படுத்த இடத்துல ஊரான் வீட்டு ஆளெல்லாம் வாயை வீங்க வச்சுக்கிட்டு உக்காரணுமா?

— அப்பா இருந்தா அவரே எழுந்து இடம் குடுத்திருப்பார்.

— அப்பா இருந்தா என் முட்டியைப் பாத்து உன்னை ரெண்டு போட்டிருப்பார்! அண்ணி, கேக்கறீங்களா?

— ம்.

— அதிசயமா இருக்கே! ஒரு 'ஒரு நிமிஷம்' கூட வரலை. பேஷ்! ஜட்ஜ் களை வந்துடுச்சு. தீர்ப்பைச் சொல்லு.

— என்னால முடியாதுங்க.

— ஏன்?

— வேற யார்கிட்டயாவது கேளுங்க. இந்த வழக்கு எனக்கு வேண்டாம்.

— அண்ணி, நான் கோவிச்சுக்குவேன்னு பாக்கறீங்களா? சத்தியமா மாட்டேன்.

— அதில்லைம்மா. மாமா இருந்தப்போ அந்த ஜன்னலோரம்தான் என் கேஸ் கட்டைப் பிரிச்சு வச்சுப்பேன். மறுநாள் வாதத்தை அவர்கிட்டதான் ஒத்திகை பாப்பேன். எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி மடக்கி மடக்கிக் கேப்பார். நீங்க ரெண்டு பேரும் பேசப் பேச, எனக்கு அந்த ஜன்னல்தான் கண்ணுல நின்னுது. அந்த ரூம் எனக்கு வேணும்.

— இத்தனை நாள் வாயைத் திறக்கலையே நீ!

— எனக்கே இப்பதான் தெரியுது. அது கூடப் பரவாயில்லைங்க. 'யாருக்கும் வேண்டாம், பொதுவா வைங்க'ன்னு ஒரு தீர்ப்பு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு! ஆனா பொதுவா வச்சா அங்க போய் உக்காரப் போறது யாரு? நான்தான். அதுக்கு நியாயம்னு பேர் வைக்கப் பாத்தேன். வீட்டு வழக்குக்கே இந்த லட்சணம். போனைக் குடுங்க, எனக்குத் தகுதி இல்லைன்னு சொல்லிடறேன்.

— பொதுவா வைங்கன்னு நீங்க சொல்லியிருந்தா, சத்தியமா நானும் அண்ணனும் தலையாட்டிட்டுப் போயிருப்போம் அண்ணி. உங்களைத் தவிர யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அண்ணா, போனை எடு. நம்பரைப் போட்டு, 'சம்மதம்'னு சொல்லச் சொல்லி அவங்க கையில குடு!