மெதுவா அண்ணனுக்கு ஒரு வேகக் கோப்பை

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, உட்கார இடம் இல்லாமல் கடைசியில் நிற்கும் என் சக ஓட்டுநர்களே, டெக்னீஷியன்களே, எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. மௌன அஞ்சலியின் நடுவில் சைரன் அலறியதே, அது தெருவிலிருந்து வரவில்லை. என் சட்டைப் பையிலிருந்து வந்தது. என் மகள் விளையாட்டாகப் போனில் வைத்துக் கொடுத்த ஒலி. அதை மாற்ற எனக்குத் தெரியாது. எதை அமுக்கினாலும் சத்தம் கூடத்தான் செய்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் பதறிப்போய் நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஐயா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். நிஜ சைரனோடு இத்தனை வருடம் சாலையில் போகிறேன், இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததே இல்லை. இனிமேல் வண்டியை மண்டபத்துக்குள்ளேயே ஓட்டிவிடலாமா என்று பார்க்கிறேன்.

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், மேடையில் ஏறிப் பழக்கம் இல்லாதவன். மறைந்த நம் மூத்த டெக்னீஷியன் என் வண்டியின் பின்புறத்தில் நின்றவர். நான் முன்னால், அவர் பின்னால், நடுவே ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல். எங்கள் நட்பு முழுவதும் அந்த ஜன்னல் வழியாகத்தான் நடந்தது.

எனக்கு முன் பேசிய நமது மேலாளர் அவர்கள் அருமையாகப் பேசினார். மறைந்தவரை “மின்னல்” என்றார். “புயல்” என்றார். “வேகத்தின் மறுபெயர்” என்றார். கடைசியில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டதை அவர் துக்கம் என்று நினைத்திருப்பார். அது துக்கம் இல்லை ஐயா. சிரிப்பை அடக்கினார்கள்.

ஏனென்றால் அவருக்கு எங்கள் நிலையத்தில் என்ன பெயர்? “மெதுவா.” மெதுவா அண்ணன். அந்த ஒரு சொல்லைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் ஜன்னல் வழியாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் ஓய்ந்த நேரத்தில் கத்தரிக்கோலால் கண்ணாடியில் இரண்டு தட்டு. அதற்கும் அதே அர்த்தம்தான்.

நான் சேர்ந்த முதல் நாள், எதிரில் வந்த வேகத்தடையை நான் மதிக்கவில்லை. வண்டி பறந்து இறங்கியது. பின்னால் ஏதோ விழுந்த சத்தம். ஜன்னல் திறந்தது. “தம்பி, இவ்வளவு நேரம் நோயாளி ஒருத்தர்தான் இருந்தார். இப்ப ரெண்டு பேர் இருக்கோம்” என்றார். நெற்றி வீங்கியிருந்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு “ராக்கெட்”. அந்தப் பட்டத்தைப் பெருமை என்று நினைத்து வீட்டில் போய்ச் சொன்னவனும் நான்தான்.

வேகமாகப் போனால்தான் உயிர் பிழைக்கும் என்று நினைக்கிறவர்களைக் கேட்கிறேன். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு, நரம்பு தெரியாத ஒரு கையில் ஊசி ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பெல்ட் போட்டுக்கொண்டால் கை எட்டாது. போடாவிட்டால் ஒவ்வொரு வளைவிலும் சுவரில் மோத வேண்டும். முதுகு உடைந்த ஒரு முதியவரை ஏற்றி வந்தோம். அவருடைய மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து வேகமா, வேகமா என்று டாஷ்போர்டை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்தது. “உங்க அப்பாவ சீக்கிரமா கொண்டு போய்ச் சேக்கணுமா, முழுசா கொண்டு போய்ச் சேக்கணுமா? ஒண்ணைச் சொல்லுங்க.” அதன் பிறகு டாஷ்போர்டு பிழைத்தது. அப்பாவும் பிழைத்தார்.

இன்று எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்! பார்க்கவே நிறைவாக இருக்கிறது. உங்களில் பாதிப் பேரைச் சாலையில் என் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தால் நெரிசலைத் தாண்டிவிடலாம் என்று கண்டுபிடித்த மேதாவிகள். சாகக் கிடப்பவன் திறந்த வழியில் சவாரி போகிறவர்கள். ஒருவர் அப்படி ஒட்டி ஒட்டியே மருத்துவமனை வாசலுக்குள்ளேயே வந்துவிட்டார். இறங்கி, “இது எந்த இடம்?” என்று எங்களையே கேட்டார். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க, உள்ள டாக்டர்கிட்டத் தலையைக் காட்டிட்டுப் போங்க என்றார் அண்ணன்.

அடிபட்டவனைச் சுற்றி நின்று போனில் படம் எடுக்கும் கூட்டத்தை விட்டுவிட முடியுமா? அண்ணன் ரத்தத்தில் மண்டியிட்டுக் கட்டுப் போடுகிறார். ஒருவன் சொல்கிறான், “சார், தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைங்க, மறைக்குது.” அண்ணன் கோபிக்கவில்லை. சேலைன் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினார். “ரெண்டு கையாலயும் பிடிங்க. இறக்குனா இவர் செத்துடுவார்.” போன் பைக்குள் போனது. மருத்துவமனை வரைக்கும் அந்த ஆள் கையைத் தூக்கியபடியே நின்று வந்தான். பாட்டிலைக் கொக்கியில் மாட்டியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். மாட்டியிருக்கலாம் என்றார்.

இப்போது கோப்பைக்கு வருகிறேன். மேசையில், அவர் படத்துக்குப் பக்கத்தில், பளபளவென்று இருக்கிறது. இனி ஆண்டுதோறும் மிக வேகமாக நோயாளியைக் கொண்டு சேர்க்கும் ஓட்டுநருக்கு, நம் அண்ணனின் நினைவாக வேகக் கோப்பையாம். முதல் கோப்பை எனக்காம். நான் மேடை ஏறும்போது அண்ணி கையைப் பிடித்து ஒன்று சொன்னார்: “அதை வாங்கிட்டு எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க.”

மேலாளர் அவர்களே, நீங்கள் எங்கள் வண்டியில் ஒரே ஒரு முறை ஏறினீர்கள். தொடக்க விழாவில், முன் இருக்கையில், படம் எடுப்பதற்காக. வண்டி அப்போது நகரவே இல்லை. ஒரு முறை பின்னால் ஏறி நின்று பாருங்கள். தலைக்கு மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தது. அது கழன்றுபோய் ரொம்ப நாளாகிறது. சொல்லிச் சொல்லி வாய் வலித்து, சேலைன் குழாயால் அண்ணனே கட்டி வைத்தார். இந்தக் கோப்பைக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது. இதை யார் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள்? எங்கள் வண்டிக்கு ஒரு கைப்பிடி கொடுங்கள், போதும்.

இது என் சொந்தக் காரியமும்தான், மறைக்கவில்லை. போன மாதம் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் என் மகள். கோப்பைக்காக நாளை எங்களில் யாரோ ஒருவன் வேகத்தடையைப் பறந்து தாண்டும்போது பின்னால் விழப்போவது அவளும் அவளைப் போன்ற பிள்ளைகளும்தான். கோப்பை வாங்காதவனை வேலையை விட்டு எடுப்பீர்களா? எடுங்கள். வீட்டில் உட்கார்ந்து போனில் சைரனை மாற்றக் கற்றுக்கொள்கிறேன்.

அண்ணனை அன்று ஏற்றியதும் இதே வண்டியில்தான். நிலையத்தில் கையுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார். மகள் பின்னால், நான் முன்னால். ஆக்சிலேட்டரில் கால் தானாக இறங்கியது. கண்ணாடியில் இரண்டு தட்டு விழுந்தது. “அப்பா, மெதுவா. ஊசி போடுறேன்.” காலை எடுத்தேன். வேகத்தடைகளில் ஒரு பாத்திரத் தண்ணீர் தளும்பாத மாதிரி ஏறி இறங்கினேன். நினைவோடுதான் அவரை டாக்டர்கள் கையில் கொடுத்தோம். அதற்குப் பிறகு நடந்தது எங்கள் கையில் இல்லை.

ஆகவே, ஓட்டுநர்கள் சார்பில் உறுதி சொல்கிறேன். பின்னால் ஒருவர் நிற்கிறார் என்பதை மறக்க மாட்டோம். தட்டினால் காலை எடுப்போம். அண்ணனின் சொல் எங்கள் வண்டிகளில் ஓடிக்கொண்டே இருக்கும். கோப்பை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வணக்கம்.

இவ்வளவுதான் மேடையில் பேசினேன். கைதட்டினார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார். மகள் கடைசியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சரில் தலைமாடு ஓட்டுநர் பக்கம்தான் இருக்கும். அன்று அவர் வாய் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. மகள் தட்டி முடித்து ஊசியை எடுக்கத் திரும்பிய நேரத்தில், அவளுக்குக் கேட்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“தம்பி, கொஞ்சம் வேகமாப் போயேன்.”