அழுந்திக் கிடக்கும் கட்டை

பார்சலைக் கத்தியால் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. டேப்பின் நுனியைத் தேடிப் பிடித்து, பொறுமையாக உரித்து, அட்டைப்பெட்டியை மடித்து வைப்பேன். கடைக்காரர் கட்டுவதற்கும் வீட்டில் இருப்பவர்கள் கட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் பழைய துண்டு, தலையணை உறை, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுற்றி அனுப்புவார்கள். அனுப்புநர் முகவரிக்குக் கீழே போன் நம்பரும் எழுதுவார்கள். அதில் கூப்பிட்டு நன்றி சொன்னால் அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

நன்றியை நான் குரலில்தான் சொல்வேன், எழுத்தில் சொல்வதில்லை. நீங்கள் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்த விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. பழைய சாமான்களை ஆளுக்கு ஆள் விற்றுக்கொள்ளும் ஓர் ஆன்லைன் சந்தையில், போனில் புகார் கேட்கும் வேலை எனக்கு இருந்தது. பொருள் வரவே இல்லை என்று வாங்கியவர் பல மாதம் கழித்துச் சொன்னாலும் அங்கே எடுத்துக்கொள்வார்கள். விற்றவரிடம் தபால் ரசீது இருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்கியவர் 'வந்தது' என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பணம் பொருளை வாங்கியவருக்கே திரும்பிவிடும். போன் பேச்சு கணக்கில் வராது. ஆனால் மனிதர்களைத்தான் தெரியுமே. 'வந்துடுச்சுங்க, ரொம்ப நல்லா இருக்கு' என்று ஒரு குரல் சொன்னதும் ரசீதைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள். அப்படி ஏமாந்து அழுதவர்களுக்கு விதியைப் படித்துக் காட்டியவன் நான். வேலை போன பிறகு அந்த விதிதான் எனக்குச் சோறு போட்டது.

ஏன் எல்லாமே குழந்தைகள் சாமானாக இருக்கிறது என்று கேட்டீர்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது என்றால் விற்பவர்கள் பேரம் பேச மாட்டார்கள். அதுதான் காரணம் என்று வெகுநாள் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள்காரரிடம் என் மகள் சுவரைப் பிடிக்காமல் ஓட்டப் பழகிவிட்டாள் என்றேன். ஸ்கேட்டிங் ஷூ விற்ற அக்காவிடம் முட்டியில் சிராய்ப்பு என்றேன். என் மகள் இறந்தது அதற்கெல்லாம் முன்பு. ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்ததும் என் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "எல்லாம் போயிடுச்சு. உங்க குரல் மட்டும் எப்படிங்க மாறவே இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வேலையில் பழகிய குரல், அதை நான் என்ன செய்ய முடியும்.

கீபோர்டு அனுப்பிய அம்மாவிடமும், வந்துவிட்டது, மகள் வாசிக்கிறாள் என்று வழக்கம்போலத்தான் பேசினேன், என் நம்பர் தெரியாதபடி. அவர் முதல் வார்த்தையிலேயே தம்பி என்றார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் தம்பி. நடுவுல ஒரு கட்டை அழுத்தினா எந்திரிக்காது. என் பொண்ணு ஜூஸைக் கொட்டிட்டா. நகத்தால எடுத்து விடணும்."

அழுத்திப் பார்த்தேன். கட்டை உள்ளேயே கிடந்தது, சத்தம் நிற்காமல் நீண்டது. பிறகு, "இன்னொரு தடவை தம்பி," என்றார்.

அவருடைய மகளும் இறந்துவிட்டாள் என்று அன்று தெரிந்துகொண்டேன். பாம்பின் கால் பாம்பறியும், ஆனால் எனக்கும் அதே துக்கம்தான் என்று நான் சொல்லவில்லை. "உங்க பொண்ணு வாசிக்கட்டுமே, கேக்கறேன்," என்றார். போனை மேஜையில் வைத்துவிட்டு ஒற்றை விரலால் தப்பும் தவறுமாக வாசித்தேன். அதன்பின் வாராவாரம் அவர் கணவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். அவர் கேட்டுத்தான் கூப்பிட்டேன்.

கீபோர்டை விற்றது டாக்டர் சொல்லித்தான். மகள் போன பிறகு, யாரும் தொடாமலே அது வாசிக்கிற மாதிரி அவருக்கு வீட்டில் கேட்டுக்கொண்டிருந்ததாம். "இப்ப வீட்ல கேக்கறதில்ல தம்பி. போன்ல கேக்குதுல்ல, அது போதும்னு என் பொண்ணு விட்டுட்டா போல," என்று சொல்லிச் சிரித்தார். கணவரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று அவர் பயந்துவிடுவாராம்.

அந்த வாரங்களில் நான் யாரையும் ஏமாற்றவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிடுகிற நாளில் வீட்டைக் கூட்டினேன். ஹேர்கிளிப்பும் சின்னச் சீப்பும் வாங்கினேன். தப்பாக வாசிக்க மெனக்கெட வேண்டியிருக்கவில்லை, விரல் தானாகவே குழந்தை விரலாகத் தடுமாறியது.

பிறகு ஒரு நாள் அவர், "அவ ரூமைப் பெருக்கித் துடைச்சு எல்லாத்தையும் எடுத்து வெச்சேன் தம்பி. ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன். இனிமே கூப்பிட வேணாம். என் பொண்ணை நான் அனுப்பி வெச்சுட்டேன். உங்க பொண்ணு நல்லா இருக்கணும்," என்றார்.

"ரொம்ப சந்தோஷம்க்கா," என்றேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கத்தான் முயன்றேன். ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள். அவர் துக்கத்தை ஆற்றியது என் மகள். ஆறியதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டார், நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம். அவர் மட்டும் எப்படித் தூங்கலாம்?

புகார் கொடுக்க இன்னும் கெடு இருந்தது. பொருள் வந்து சேரவில்லை என்று எழுதிப் போட்டேன்.

அந்தச் சந்தையின் செய்திப் பெட்டியில் அவர் எனக்கு எழுதினார். முதலில் கோபமாக, பிறகு கெஞ்சி. 'தம்பி, நீங்கதானே போன்ல வந்துடுச்சுன்னு சொன்னீங்க. உங்க பொண்ணு வாசிச்சாளே.' எழுத்தில் கேட்டதால் எழுத்தில் பதில் சொன்னேன். 'நான் உங்களிடம் பேசியதே இல்லையே அம்மா. எனக்கு மகளும் இல்லை.' அதில் இரண்டாவது வாக்கியம் உண்மை. அவரிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இதைப் படித்தால் அவருக்கு என்ன ஆகும் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அவர் கணவர் போன வாரம் வந்தார், பார்சல் அனுப்பிய முகவரியை வைத்துக்கொண்டு. சண்டைக்கு என்று நினைத்தேன், மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லைங்க. இல்லாத போனெல்லாம் வந்ததா சொல்றா. மறுபடி மாத்திரை ஆரம்பிச்சிருக்கோம். உங்களுக்கு வேற கண்டபடி எழுதிட்டா. மனசுல வெச்சுக்காதீங்க." பேசிக்கொண்டே தலையைத் திருப்பியவர், மேஜைமேல் கீபோர்டைப் பார்த்தார். அதை ஒளித்து வைக்க எனக்குத் தோன்றியதே இல்லை.

எழுந்து போய் அந்தக் கட்டையை அழுத்தினார். அது எழவில்லை. என்னைத் திட்டவோ அடிக்கவோ இல்லை. அவசர அவசரமாகப் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, கீபோர்டுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கேக்குதாம்மா? நீ சொன்னது நெசம்மா. எல்லாமே நெசம்."

அந்த அம்மாவின் குரல் வந்தது. "மாத்திரை போட்டுட்டேங்க. போட்டும் கேக்குது."

"இல்லம்மா, இங்க என் முன்னாடியே இருக்கு. நான்தான் அழுத்தறேன்."

"நீங்களும் கேக்குதுன்னு சொல்லாதீங்க. என்னைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க. நான் தூங்கறேன்."

போன் அணைந்தது. கட்டையை எழுப்பி விடத் தெரியாமல் அவர் அழுதுகொண்டு நின்றார். நான்தான் நகத்தால் எடுத்துவிட்டேன்.

பிறகு அவர் உங்களிடம் வந்தார், நீங்கள் என்னிடம் வந்திருக்கிறீர்கள். அவர் சொன்னது எல்லாம் சரி. வாங்கினேன், வந்தது, பேசினேன், வரவில்லை என்றேன், பேசவே இல்லை என்றேன். அந்த அம்மாவின் மனதை அவருக்கே பகையாக்கியது நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

கீபோர்டை ஆதாரத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்கிறீர்கள். தாராளமாக. இதோ இந்தத் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள், இதில்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் முதலில் தேடுவது அதைத்தான்.