பெரிய இருக்கையின் அடியில்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்... கரண்ட் இப்போதைக்கு வராது. இது என் சிநேகிதன் ரோட்ரியின் பெரியம்மாவுக்கு நடந்தது. அவன் இங்கே இருந்தால் சொல்ல விடமாட்டான்.

நவம்பர் மாதம். சாயங்காலம் ஐந்து மணி. நான்ட்கோக் மலைப்பாதையில் ஈ காக்கை இல்லை. தூறல்... நனைந்த ஆட்டு ரோமத்தின் நாற்றம். அந்தப் பெரியம்மா மாரெட், அப்போது இளம்பெண், தனியாக வேதக்கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகவில்லை, வயிற்றில் பிள்ளை. ஆராதனை முடிந்ததும் சபை அவளை விசாரிக்கப்போகிறது. சபையிலிருந்து விலக்கிவிட்டால் அவ்வளவுதான். ஊரில் வேலை தரமாட்டார்கள், அப்பா வீட்டுக்குள் விடமாட்டார்.

ஆனாலும் அவள் பயப்படவில்லை. பிள்ளைக்குத் தகப்பன் இத்தெல் வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்தக் கோயில் உங்களுக்குத் தெரியும். மூன்று பக்கமும் மாடி, பிரசங்கியார் பார்க்கும்படி எதிரே கடிகாரம். பிரசங்க பீடத்துக்குக் கீழே, வளைந்த தடுப்புக்குள் பெரிய இருக்கை. மூப்பர்கள் சபையைப் பார்த்தபடி உட்காரும் இடம். பாட்டு எடுத்துக்கொடுக்கிற இத்தெலுக்கும் அங்கேதான் இடம். அப்பப்பா, என்ன குரல் அவனுக்கு!

அந்த இருக்கையின் தரைப்பலகைக்கு அடியில், கட்டினவர்கள் குதிரை மண்டையோடுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மேலே பேசுகிற பேச்சு கடைசி வரிசை வரை கணீரென்று போகவேண்டுமே, அதற்காக. அந்தப் பலகைமேல் நின்று நம் ஊரில் யாரும் ரகசியம் பேசமாட்டார்கள். இத்தெல் பேசினான். முந்தின வாரம் அவள் கோயிலை மெழுகு போட்டுத் துடைக்கப் போனபோது, அங்கேயே நின்று, அவள் காதோரம்...

"நீ தலை குனிய வேணாம் மாரெட். அவங்க கேட்டதும் நான் எந்திரிச்சு உன் பக்கத்துல நிப்பேன்."

அன்று அவள் பெரிய இருக்கைக்கு முன்னால் நின்றாள். பின்வரிசையில் ஒருத்தி, "எப்படி நிக்கிறா பாரு, வெக்கங்கெட்டவ" என்றாள்.

"யாரும்மா அவன்?" தலைமை மூப்பர் கேட்டார்.

"அவனே சொல்லுவான்யா."

இத்தெல் கடிகாரத்தைப் பார்த்தான். டிக்... டிக்... அவள் காத்திருந்தாள். பாவி, எழுந்திருக்கவே இல்லை.

"சரி. இவளை விலக்கச் சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

கைகள் எழும்பின. இத்தெலின் கையும்! மாரெட்டுக்கு அழுகைகூட வரவில்லை. வயிறெரிந்தது. திரும்பி நடந்தாள்.

கடைசிப் பாட்டு. இத்தெல் இப்போது எழுந்தான்... வாயைத் திறந்தான்... காற்றுதான் வந்தது. பலகைக்கு அடியிலிருந்து, மாடி வரைக்கும் கேட்கும்படி, அவன் குரலே பேசியது.

"நான் எந்திரிச்சு உன் பக்கத்துல நிப்பேன்."

எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தரும் தூக்கின கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. காற்று என்றார்கள். மாரெட் அன்றே ஊரைவிட்டுப் போய், வேறொரு பள்ளத்தாக்கில் பால் கறந்து மகளை வளர்த்தாள். இத்தெல் அதற்கப்புறம் சாகிற வரை ஒரு சொல் பேசவில்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

அவன் சாவுக்கு மாரெட் வந்தாள், தலை நரைத்து. விலக்கப்பட்டவள் இல்லையா, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். சவப்பெட்டியைப் பெரிய இருக்கைக்கு முன்னால், அவள் அன்று நின்ற இடத்திலேயே வைத்திருந்தார்கள். ஜெபம் நடக்கும்போது குதிரை வியர்வை நாற்றம் எழும்பியது. அடியிலிருந்து அதே குரல்... இளவயசுக் குரல்.

"மாரெட்... எந்திரிக்கிறேன்."

பெட்டிக்குள் டொக்... டொக்...

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்.

"கேட்டப்ப எந்திரிக்கல. இப்ப யாருக்குடா வேணும்? படு."

சத்தம் நின்றது. அவசர அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

குழியில் இறக்கும்போதுதான் வெட்டியான் கவனித்தான். மூடியின் பித்தளைத் திருகாணிகள் எல்லாம் பாதி கழன்றிருந்தன... வெளியிலிருந்து மட்டுமே திருக முடிகிற திருகாணிகள்.