ஜன்னலோரம் வைத்த பல்செட்

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், மேடம். பல் மருத்துவம் படிக்கப் போனதில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது ஒன்றுதான்.

என் அறைத்தோழியைப் பற்றிக் கேட்டீர்கள். முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் எடுப்பாக இருப்பதால் எல்லோரும் அவளை முயல் என்போம். அந்தப் பெயரை வைத்தது நான்தான், பிரியமாக. அவள் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெரியம்மா, "பல்லுக்குத்தானா? நெஜ டாக்டருக்கு சீட் கிடைக்கலையா?" என்று கேட்பாராம். இங்கே பேராசிரியர் அவள் செய்த பல்செட்டைத் தூக்கிப் பிடித்து, "இதை மாட்டிக்கிட்டவன் சிரிக்க வேண்டியதில்ல, பாக்கறவன் சிரிச்சுக்குவான்" என்பார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன், பேராசிரியருக்கு மரியாதையாக.

முயல் ஒடிந்து போனாள். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. நான்தான் ஊட்டிவிட்டேன். அந்தச் சமயத்தில் கல்லூரியில் மனநல வாரம் கொண்டாடினார்கள். ஒரு வாரம் பலூன் கட்டினால் மனசு சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சிறந்த தோழி கோப்பை கிடைத்தது. கொடுத்தவர் அதே பேராசிரியர். முயலின் அம்மா போனில் அழுதார். "நீ இருக்கறதாலதாம்மா நான் கண்ண மூடித் தூங்கறேன்." என் அம்மா என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் அவள் தேற ஆரம்பித்தாள். கவுன்சிலர், மாத்திரை, சாயங்கால நடை. மெஸ்ஸில் வேறு மேசையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அம்மாவின் போன் குறைந்தது. "நீ எப்படிடி சமாளிக்கறே?" என்று என்னை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தமே கிடையாது, மேடம். கவலைதான். இவ்வளவு சீக்கிரம் தேறுவது நல்லதற்கில்லை.

இறுதித் தேர்வுக்கு அவளுக்கு வாய்த்த நோயாளி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. அவருக்காக மெழுகில் பல்வரிசை பதித்து, அறையில் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவைப்பாள். தண்ணீரிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தால் மெழுகு இளகும், பற்கள் மெல்ல நகரும். பிறகு பழையபடி தண்ணீரில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

"நேத்து நேராத்தானேடி வெச்சேன்?" என்பாள்.

"கை நடுங்குதா உனக்கு? காட்டு."

கை நடுங்கவில்லை. நான் கேட்கக் கேட்க நடுங்க ஆரம்பித்தது. அவள் திரும்பத் திரும்ப அடுக்கினாள். நானும் சலிக்கவில்லை. தேர்வன்று டிரைவர் வாயை மூடினால் மேல்வரிசை ஒரு பக்கம், கீழ்வரிசை ஒரு பக்கம். "பரவால்லம்மா, இத்தன நாள் பல்லா இருந்துச்சு?" என்றார் அந்த மனிதர். முயல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது வீட்டோடு இருக்கிறாள். யாரிடமும் பேசுவதில்லை. ஸ்பூனைக்கூடத் தொடமாட்டாள், கை துரோகம் செய்துவிடுமாம். நான் போனால் மட்டும் வாயைத் திறப்பாள். ஊட்டிவிடுகிறேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

அறை பெருக்கும் அக்கா ஜன்னலில் பார்த்ததாகச் சொன்னது நிஜம். வைத்தது நான்தான். வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சீக்கிரம் முடித்தால் நல்லது. அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், முதலாண்டு. எந்நேரமும் சிரிப்பு. பாவம், அவளைப் பார்த்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை.