ஜமக்காளம் யாருடையது?

ஞாயிறு மாலை நாலரை மணிக்குப் போலீஸ் வந்ததாம். தென்காசி பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவள் தன் தோழியிடம் சொன்னாள்:

“தலைவரே கிடையாதுன்னு சொன்னதுதான் தப்பாப் போச்சுட்டி.”

“எமர்ஜென்சி நேரத்துல என்ன கூட்டம்?”

“மலையில மரம் வெட்டுதத நிறுத்தணும்னு குத்தாலத்துல பத்துப் பேரு உக்காந்து பேசுதது. தலைவர் யாருன்னு போலீஸ் கேட்டிருக்கு. எல்லாரும் ஒண்ணுதான்னிருக்காவ. ‘அப்ப ஜமக்காளம் யாருது?’ன்னு கேட்டு, எங்க வீட்டுக்காரரக் கொண்டு போயிட்டாவ.”

“நல்லவேளை, நீ காப்பி கொடுத்து விடல.”

“சிரிக்காதட்டி. அங்க பேசுன வாத்தியார் ஸ்டேஷனுக்கு வந்து உண்மையச் சொல்லுதேன்னிருக்காரு. அதுக்குத்தான் நிக்கேன்.”

அந்தப் பத்துப் பேரில் என் மகளும் ஒருத்தி. நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

கடைசியில் வாத்தியார் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்:

“அன்னைக்கு நான் கடையத்துல இருந்தேன்னு எழுதிக் கொடுத்துட்டேம்மா.”