பல்லாவரத்துக்குள் ஒரு கையெழுத்து

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வாசலோரம் உட்கார்ந்தேன். எங்கே இறங்குவது என்று முடிவு செய்திருக்கவில்லை. எதிரே பூக்கூடையோடு ஒருத்தியும், கீரைக்கூடையோடு மூத்தவள் ஒருத்தியும் இருந்தார்கள்.

"வண்டி ஆடுனாத்தான்க்கா எனக்கு எழுத்து வருது," என்றாள் பூக்காரி.

"இன்னாடி செல்வி, கூத்தா கீது."

"கத்துக்க வேற நேரம் ஏது? சானடோரியத்துக்குள்ள 'செ', குரோம்பேட்டைக்குள்ள 'ல்', பல்லாவரத்துக்குள்ள 'வி'. டெய்லி அப்டிதான். வூட்ல பேனா புட்ச்சா கை வர்ல."

அவள் கூடை மூடிமேல் மகளின் மார்க் அட்டை இருந்தது. போன தடவை கைநாட்டு வைத்ததற்கு வகுப்பே சிரித்ததாம். இன்று பல்லாவரத்தில் இறங்கி, பள்ளிக்கூட வாசலில் மகளிடம் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கொடுக்க வேண்டும்.

சானடோரியத்துக்குள் அட்டையில் 'செ' எழுதினாள். குரோம்பேட்டைக்குள் 'ல்' எழுதினாள். 'வி'யை விரலால் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தபோது, சிக்னலுக்காக வண்டி நின்றுவிட்டது. பல்லாவரம் பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரிந்தது.

"நின்னுட்ச்சு பாரு. இப்ப ஆடாம அசையாம ஜோரா போடு."

"மறந்து பூட்ச்சுக்கா."

"நவுந்தா ஸ்டேஷன் வந்துரும்டி."

"அதான் பேஜாரா கீது."

கீரைக்காரி தன் கூடையைத் தள்ளி வைத்தாள். செல்வியின் கூடையை இரண்டு கையாலும் பிடித்துச் சீராக ஆட்டத் தொடங்கினாள்.

"தோ, வண்டி கெளம்பிட்ச்சு. போடு."

செல்வி குனிந்து எழுதினாள்.

"போதும்க்கா, நிறுத்து. வந்துட்ச்சு."