ஏழு தையல்

— அது சுடத்தானுங்கத்தே செய்யும். பிளாஸ்டர் மாவு இறுகையில சூடாவும். இப்பத் தொட்டுப் பாருங்க, ஆறிப்போச்சு.

— நான் எதுக்குத் தொடோணும் தனப்பிரியா? நீ ஊத்துனது. நீயே உரிச்சுப் பாரு.

— கொழந்த காலு பதிச்சுக் கொரியர்ல திரும்பி வந்த மண்ணுப் பெட்டி, காலையில இருந்து நாலு உரிச்சாச்சு. இடுப்பு கழண்டுபோச்சுங்க. இந்த மேட்டூர்ப் பெட்டிய நாளைக்குப் பாத்துக்கட்டுமா?

— நாளைக்கு ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம விடிஞ்சா சேலம் ஆசுபத்திரி. ஆப்பரேசன் முடிஞ்சு ஒரு வாரம் படுத்துக்குவ. இன்னைக்கே முடிச்சுப்போடு அம்மிணி.

— கல்யாணமாயி எட்டு வருசத்துல இன்னைக்குத்தான் என்ற வேலைய முடின்னு சொல்றீங்க. வழக்கமா, வளந்த பொம்பள மண்ணுல வெளையாடறான்னுதான் சொல்லுவீங்க.

— சொன்னேன். கொழந்த காலு மண்ணுல செஞ்சா, நேந்துக்கிட்டுக் கோயில்ல உருவாரமா வெக்கறதத்தான் நான் பாத்திருக்கறேன். நீங்க செவுத்துல மாட்டறீங்க. செரி, உரி.

— இப்பிடிக் கவுத்தி, சட்டத்தக் கழட்டுனா... பாருங்க, மண்ணு தோலாட்டம் வருது! மண்ணுல பள்ளமா அமுக்குனது பிளாஸ்டர்ல மேடா நிக்கும். முருங்க எலைன்னா நரம்பு நரம்பா வரும். கொழந்த காலுன்னா சொல்லவே வேண்டாம். அய்யோ, அத்தே, இந்த வெரலப் பாருங்க! பட்டாணியாட்டம்!

— பாத்தேன்.

— எங்கீங்க பாத்தீங்க? செவுத்தப் பாத்துட்டு நிக்கறீங்க. மூணு மாசம் இருக்குமுங்களா பையனுக்கு? சீட்டுல 'சித்தார்த், மேட்டூர்'னு மட்டுந்தான் எழுதியிருக்குது. குடுத்து வெச்சவ, பெத்தவ. எத்தன கொழந்தைங்க காலு இந்தக் கையில பொறந்துருச்சு. எனக்குன்னு ஒண்ணுக்குத்தான் இந்த ஆப்பரேசனெல்லாம்...

— பக்கத்துல என்னமோ இருக்குது பாரு. மண்ணு ஒட்டிக் கெடக்குது. பிரஷ்ல தேச்சுக் கழுவு.

— அப்பன் கையாத்தான் இருக்கும். இப்பெல்லாம் கொழந்த காலும் அப்பன் கையும் சேத்தித்தான் கேக்கறாங்க. இருங்க, தண்ணி ஊத்தறேன். பெருவெரலு, ஆள்காட்டி, நடுவெரலு... அட, மோதர வெரலு பாதிதான் பதிஞ்சிருக்குது. செரியா அமுக்காம உட்டுட்டாங்களாட்டிருக்குது.

— நல்லாத் தேயி.

— அத்தே.

— சொல்லு.

— பதியாம இல்லீங்க. வெரலே இல்லீங்க. பாதியில உருண்டையா மூடியிருக்குது.

— ரிக்கு வண்டியில போறவனுக்கு வெரலு போறது புதுசா? திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாரு. போர் போடப் போனவன்ல எத்தன பேருத்துக்கு வெரலு முழுசா இருக்குதுன்னு.

— உங்க பையனுக்கும் இதே வெரலுதானுங்களே போச்சு.

— நான் ஒண்ணுஞ் சொல்லுல.

— உள்ளங்கையில ஒரு தழும்பு வேற இருக்குதுங்க. சுண்டுவெரலுக்குக் கீழ இருந்து பெருவெரலு மேடு வரைக்கும். தையல் போட்ட எடம் புள்ளி புள்ளியாத் தெரியுது. ஒண்ணு, ரெண்டு...

— எண்ணு.

— ...அஞ்சு, ஆறு, ஏழு. ஏழுங்கத்தே! ராடு உழுந்து ராய்ப்பூர்ல இருந்து கட்டோட வந்தாரே, ரெண்டு மாசம் அந்தக் கைக்கு மருந்து வெச்சவ நானுங்க. சோறு பெசஞ்சு ஊட்டி உட்டவ நானுங்க. நாலாவது தையலக் கோணலாப் போட்டுட்டான் பாவின்னு டாக்டரத் திட்டுனவ நானுங்க. இதுலயும் நாலாவது கோணலுங்க!

— உக்காரு. மொதல்ல உக்காரு சாமி. பலகையக் கீழ வெய்யி.

— வெச்சுட்டேனுங்க. இது அவரு கையிங்க. மேட்டூர்ல எவளோ பெத்த கொழந்த காலுக்குப் பக்கத்துல என்ற புருசன் கை எப்பிடீங்க வரும்?

— என்னையக் கேட்டா? கைக்குச் சொந்தக்காரனக் கேளு.

— அவருதான் சத்தீஸ்கர்ல இருக்கறாருங்களே. நாலு மாசமா ஊட்டுப் பக்கமே வல்ல.

— போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ, மாமா... எங்கிருக்கறீங்க?

— எங்கிருப்பேன் தனா, ராய்ப்பூர்லதான். எண்ணூறு அடி போயாச்சு, வெறும் புழுதியாப் பறக்குது. சீக்கிரம் சொல்லு.

— வண்டிச் சத்தமே கேக்குலியே.

— ராடு மாத்தறாங்க, அதான் நிறுத்தியிருக்குது. திங்கக்கெழம ஆப்பரேசனுக்குப் போயிரு, என்ன? பயந்துட்டு நின்னுக்காத. மூணாவது தடவ, எல்லாஞ் செரியாப் போயிரும்.

— உங்களையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டரம்மா கேட்டுட்டே இருக்கறாங்க.

— ஆரம்பிச்சுட்டியா? என்றகிட்ட ஒரு கொறையும் இல்லன்னு எத்தன தடவ சொல்றது?

— டெஸ்ட்டே எடுக்காம அது எப்பிடீங்க அத்தன உறுதியாத் தெரியும்?

— தெரியும்னா தெரியும். வெச்சுரட்டுமா?

— ஒண்ணே ஒண்ணு மாமா. சித்தார்த் பாலு குடிச்சானா?

— யாரு சொன்னா உனக்கு? அம்மாவா? அம்மா வாயத் தொறந்துட்டாளா? போன அவகிட்டக் குடு!

— நானே கட் பண்ணிட்டேனுங்கத்தே. ஏதோ ஒத்துமை, வேற எவனோ கையின்னு சொல்லீருவாருன்னு நெனச்சேன். நெனச்சுட்டேதான் கேட்டேன். அந்த மனுசன் இல்லைன்னு கூடச் சொல்லுல.

— தண்ணி குடி.

— அம்மா வாயத் தொறந்துட்டாளான்னு கேக்கறாரு. அப்ப உங்களுக்குத் தெரியும்?

— தெரியும்.

— எப்ப இருந்துங்க?

— கொழந்த பொறந்த பதினாறாம் நாளு. சொந்தத்துல ஒருத்தி கெடையில கெடக்கறான்னு சொல்லிப் போனனே, அது மேட்டூருக்குத்தான். அந்தப் புள்ள பேரு மதுமதி. நீ இருக்கறதே அவளுக்குத் தெரியாது.

— ரெண்டர மாசமுங்க! ரெண்டர மாசமா நான் வயித்துல ஊசி குத்திக்கறதப் பாத்துட்டே இருந்திருக்கறீங்க! ஐஸ் கட்டி எடுத்துக் குடுத்தீங்க. குத்துன எடத்துல தடவி உட்டீங்க. அப்பக்கூட வாய் வல்லீங்களா?

— வாயத்தான் கட்டிப்போட்டானே. குலசாமி கோயில்ல கற்பூரத்தக் கொளுத்தி, என்ற கையாலயே அணைக்க வெச்சான். உன்றகிட்ட வாயால சொன்னா அந்தப் பச்ச மண்ணுக்கு ஆகாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். மடியில தூக்கி வெச்சிருந்தேன் அம்மிணி, கொழந்தைய. கற்பூரத்த அணைச்சுட்டேன்.

— உங்களுக்குப் பேரன் பெருசாப் போயிட்டான். நான் எவளோ பெத்தவதானுங்களே. வயித்தக் கிழிச்சா என்ன, தெச்சா என்ன!

— பேசு. நல்லாப் பேசு. எனக்கு வேணும்.

— இந்தச் சனியன ஒடச்சுப்போடறேன் பாருங்க!

— ஒடைக்காத! குடு இப்பிடி! நாளைக்கு நாலு பேரு முன்னால அவன் இல்லைன்னு சாதிப்பான். அப்ப எதக் காட்டுவ? இதத் தூக்கிட்டு உங்கப்பன் ஊட்டுக்குப் போ, வக்கீலுகிட்டப் போ. திங்கக்கெழம அந்த ஆசுபத்திரிக்கு மட்டும் போவாத. போதும், உன்ற ஒடம்ப அறுத்தது.

— என்னுங்க, எல்லாம் முன்னாலயே யோசிச்சு வெச்சாப்பல சொல்றீங்க?

— நான் ஒண்ணுஞ் சொல்லுல.

— இருங்க. ஆர்டர் நோட்டுல மேட்டூர்னு ஒண்ணுமே இல்லீங்க. ஆசுபத்திரிக்கு அலைஞ்சதுல எழுத மறந்துட்டேன்னு நெனச்சேன். கொரியர்ல வந்துச்சுன்னு நீங்கதான் எடுத்தாந்து குடுத்தீங்க. பெட்டி மேல கொரியர் சீட்டு ஒட்டுல. போன வாரம் அலமாரில ஒரு மண்ணுப் பெட்டி கொறைஞ்சுதே, அதுதானுங்களா இது?

— மண்ணு காயாம வந்துதல்ல, அதப் பாரு.

— ஈரத்துணி சுத்தியிருந்துது. வெளியாளுங்க அத்தன பதனமா அனுப்ப மாட்டாங்க. இந்தத் துணி... மாம்பழக் கலரு, அரக்குக் கரை. இது உங்க பழைய சேலையிங்க!

— கெழிச்சதே நல்ல எடந்தான். நைஞ்ச எடத்துல ஈரம் நிக்காதுன்னு நீதான சொல்லுவ.

— அப்ப பெட்டியத் தூக்கிட்டு மேட்டூருக்குப் போனது நீங்களா? அவரு அங்க இருந்தாரா? என்ற வேலையப் பத்தி அவருக்குத் தெரியாதுங்களா? கொழந்த காலோட தன்ற கையையும் வெய்யின்னா, எந்த மடையன் வெப்பான்?

— உன்ற வேலைன்னு சொன்னா வெப்பானா? கொழந்தைக்குச் சளி நிக்கோணும், அப்பன் கையும் மகன் காலும் மண்ணுல பதிச்சு உருவாரமாக் குலசாமிக்கு வெக்கறேன்னு வேண்டிட்டேன்னு சொன்னேன். கண்ண மூடிக் கும்புட்டுட்டு நீட்டுனான். நான்தான் சாமி அந்தக் கையப் புடிச்சு, ஏழு தையலும் உழுவற மாதிரி, முட்டி போட்டு அமுக்குனேன்.